எனக்குப் பிரஷர் இல்லை, மகன்

மகன்,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அன்புள்ள என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் ஏசுவது எனக்கு வராது. அன்பு இருப்பது உனக்குத் தெரியும். ஏச்சைத்தான் நீ காதில் வாங்குவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பீங்கானைத் தள்ளிவிட்டு எழும்பி, உம்மா வாசல் படலை வரைக்கும் வந்து கூப்பிடக் கூப்பிடத் திரும்பியும் பார்க்காமல் பஸ் ஏறிப் போனாய். அதற்குப் பிறகு நான் வாட்ஸ்அப்பில் ஐந்து தரம் பேசி அனுப்பினேன். ஐந்துக்கும் நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். உம்மா உனக்குக் கட்டி அனுப்புகிற கருவாட்டுப் பொரியலோடு வைத்து அனுப்புகிறேன். என்னோடு கோபித்தாலும் அந்தப் பார்சலை நீ திறக்காமல் விடமாட்டாய். திறந்தால் முதலில் இதை வாசி, பிறகு சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் கண்ணால் ஒருதரம் பார். நீ தங்கியிருக்கிற மாத்தளை போடிங்கிலிருந்து கொண்டுவந்த அழுக்குத் துணியை உம்மா ஊறப்போடுவதற்கு முன் பொக்கற்றுகளைத் தட்டிப் பார்த்தாள். காற்சட்டைக்குள் இரண்டு அட்டைக் குளிசை. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இரண்டு வருடமாக 'கேஸ்ட்ரிக் குளிசை' என்று நீ எங்களுக்குச் சொல்லிவந்த குளிசை அது. அது கேஸ்ட்ரிக்குக்கு இல்லை என்பது உன் உம்மாவுக்கும் எனக்கும் முதல் நாளே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? வருகிறேன், பொறு.

உன்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"பதினொரு நாள். ஒண்டும் ஆகல்ல."

"ஒண்டும் ஆகல்லையா? தலையத் திருப்பக்குள்ள செவரப் புடிக்கிறியே, அது என்னது? சோத்துல ஒரு கல்லு கெடந்ததுக்கு உம்மாவோட அந்தப் பாய்ச்சல் பாஞ்சியே, அது என்னது?"

"தூக்கமில்ல, அவ்வளவுதான்."

"டொக்டர்கிட்டச் சொல்லிட்டா விட்ட?"

"அவர்கிட்ட என்னத்துக்கு? நிக்காஹுக்கு இன்னும் மூணே கிழமைதான் இருக்கு. ஒரு புள்ளையக் கட்டிட்டு, தலகாணிக்குக் கீழ குளிசைய ஒளிச்சு வச்சிக்கிட்டு இருக்க ஏலாது வாப்பா. சுத்தமா விட்டுட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போவேன்."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நீ சொன்னாய்: "உங்களுக்கு இது வெளங்காது. உங்களுக்கு இருக்கிறது வெறும் பிரஷர்தானே."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். நீ வென்றுவிட்டதாக நினைத்துச் சோற்றுக்குப் போனாய், அங்கே உம்மாவோடு மறுபடி சண்டை கொளுவி எழும்பிப் போனாய். நான் அன்றைக்கு முழுக்க அந்தக் கதிரையிலேயே இருந்தேன். உன்மேல் வந்த ஆத்திரம் பாதி, என்மேல் வந்த ஆத்திரம் மீதி. எது கூட என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பிரஷர் இல்லை, மகன். ஒருநாளும் இருந்ததில்லை. தம்புள்ளை எகொனொமிக் சென்டர் சந்தைக் கடையில் இருபத்தைந்து வருடமாக மரக்கறி மூட்டை தூக்கி இறக்கிய உடம்பு இது, எந்த டொக்டர் பட்டி கட்டி அளந்தாலும் நல்ல கணக்குத்தான் காட்டும். நான் பதின்மூன்று வருடமாகக் குடிக்கிற குளிசை, நீ குடித்துவந்த குளிசையின் கூடப்பிறந்தது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிறது. அதனால்தான் உன் அட்டையைக் கண்ட முதல் நாளே எங்களுக்குத் தெரிந்தது. நீ அட்டையை மறைத்த மாதிரித்தான் நானும் மறைத்தேன். உம்மாவின் தையல் டப்பாவில், நூல் உருளைகளுக்கு அடியில். நீ சின்ன வயதிலிருந்தே ஊசி குத்தும் என்று அந்த டப்பாவைத் தொடமாட்டாய், அதனால்தான் அந்த இடம்.

எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஒழுங்கான காரணம் சொல்ல என்னிடம் இல்லை. அந்த வருடம் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. வீட்டில் சண்டை இல்லை, சாவு இல்லை. ஆனால் விடியும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டுதான் கண் விழிக்கும். குளிக்கப் போனால் கிணற்றடியில் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பேன். சுபஹ் தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று நினைவில்லாமல் திரும்பத் திரும்பத் தொழுவேன். சாப்பாடு மண்ணாகப் போனது. நம் ஊர் கலேவெலவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போவேன். உன் உம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் குடித்தோம், அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, துஆவில் எனக்கு ஆறுதல் கிடைத்தது. ஆனால் ஓதித் தந்த ஹஸரத்தே, "நான் ஓதுறேன், நீங்க மருந்தையும் குடிங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார். அவருக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

குளிசை தொடங்கி ஒரு மாதம் தாண்டியபோது மெல்ல மெல்ல மூச்சு வந்தது. அப்போதுதான் ஒருநாள் கடையில் பக்கத்துக் கடைக்காரர் நான் குளிசை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன நானா, உடம்புக்கு வருத்தமா?" என்றார். என் வாயிலிருந்து வந்த சொல், "பிரஷர்." அவ்வளவுதான். அந்த ஒரு சொல் ஊர் முழுக்க ஓடிவிட்டது. யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. பிரஷர் என்றால் பாரம் சுமக்கிற மனுஷன், குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்த மனுஷன் என்று ஒரு மரியாதை. மனசு சரியில்லை என்று சொல்லியிருந்தால் உன் வாப்பாவுக்கு எந்த மரியாதை கிடைத்திருக்கும் என்று உனக்கே தெரியும். அதனால் பிரஷரை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? பதின்மூன்று வருடமாக எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கென்று ஒரு தனிச் சட்டியில் உப்பில்லாத கறி. புரியாணி மணக்க மணக்க எல்லாரும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள், நான் பத்தியக்காரன் மாதிரி ஓரத்தில் இருந்து புல்லைத் தின்பேன். வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம், "உப்புப் போட்டு ஒரு முட்டையாவது பொரித்துத் தா" என்று கெஞ்சுவேன். நீ அதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தாய். நோயை விட நோயின் பேர்தான் முக்கியம் என்று நான் உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், நீ நன்றாகவே படித்திருக்கிறாய். நான் பிரஷர் என்றேன், நீ கேஸ்ட்ரிக் என்கிறாய்.

இனி எழுதப்போவதை நீ ஓரிடத்தில் இருந்துகொண்டு வாசி.

உனக்குப் பதினாறு வயது, ஓ-லெவல் எழுதி முடித்த வருடத்து நோன்பு. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. குளிசை காலையில் குடிக்கிறது. நோன்பு வருகிறதே, பகலில் எப்படிக் குடிப்பது என்று யோசித்தேன். கிளினிக்கில் கேட்கலாம். ஆனால் கிளினிக் வாசல் வாங்குப் பலகையில் போன தடவை நம் ஜமாஅத் ஆள் ஒருவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தேன். மறுபடியும் அங்கே போவதா? அதுதான் சுகமாகிவிட்டதே, அல்லாஹ்வுக்காகப் பிடிக்கிற நோன்பு, அவன் பார்த்துக்கொள்வான் என்று முதல் நோன்பன்றே சட்டென்று விட்டேன். அசட்டுத் தைரியம், வேறென்ன.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நீ சொன்னாயே 'ஒண்டும் ஆகல்ல' என்று, நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு தொடங்கியது. கண்ணை இடமிருந்து வலம் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுள். தலைச் சுற்று, குமட்டல். படுத்தால் பயங்கரக் கனவு. பீன்ஸ் கொண்டுவந்த ஒரு ஏழை விவசாயியை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டு, பிறகு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேன். பசி மயக்கம், நோன்புக் களை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் உம்மா மட்டும் விடவில்லை. "குளிசைய விட்டதுதான் இது, நாளைக்குக் கிளினிக் போவோம்" என்று நச்சரித்தாள். வாயை மூடு என்றேன். புள்ளைக்கு முன்னால் அந்தக் கதையே வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

பத்தாம் நோன்போ பதினோராம் நோன்போ, நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது கோப்பை கையைவிட்டுச் சாய்ந்தது. உம்மாவும் தங்கச்சிமாரும் மஃரிபுத் தொழுகையில் இருந்தார்கள். நீ என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாய். "வாப்பா, பிரஷர் குளிசை குடிக்கல்லையா? எங்க வச்சிருக்கிறீங்க?" என்று அலுமாரியெல்லாம் இழுத்துத் தேடினாய். கிடைக்குமா? அது இல்லாத குளிசையல்லவா! நீ பக்கத்து வீட்டுக்கு ஓடினாய். அங்கே பெரியவருக்கு உண்மையிலேயே பிரஷர். அவருடைய குளிசையில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஓடி வந்து, ஒரு கையில் தண்ணீர் மற்றக் கையில் குளிசையுமாக என் முன்னால் நின்றாய்.

எனக்குத் தெரியும், மகன். அந்தக் குளிசை எனக்கு இல்லை என்று நல்லாத் தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உன் கண்ணைப் பார்த்தேன், வாப்பா பைத்தியக்காரன் என்று அந்தக் கண் நினைத்துவிடுமோ என்று பயந்தேன். இரண்டையும் வாங்கி விழுங்கினேன். பொய்யைக் காப்பாற்றுவதற்காக அடுத்த வீட்டு மனுஷனின் மருந்தைக் குடித்த முட்டாள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் காய்ந்த உடம்பு, அதில் இல்லாத பிரஷருக்கு இரண்டு குளிசை. தொழுகைக்கு ஒழூ செய்ய எழும்பியவன் அப்படியே விழுந்தேன். த்ரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அரைகுறை நினைவோடு கட்டிலில் கிடந்தேன். டொக்டர் சிங்களத்தில், "இந்தக் குளிசையைக் கொடுத்தது யார்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நீ, "நான்தான்" என்றாய். மற்றவர்களின் மருந்தைக் கொடுக்கலாமா, வாப்பாவைக் கொல்லப் பார்த்தாயா என்று அவர் உன்னைக் கடிந்துகொண்டதும் கேட்டது. நீ விம்மி விம்மி அழுததும் கேட்டது. என் நாக்குக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பேசியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் உம்மா நான் வாங்கிய சத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, டொக்டரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னாள். மனநல டொக்டர் வந்து என்னைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நோன்பு திறந்த பிறகு குடிக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்பதுதான். அவ்வளவுதானாம்! காலையில் குடிக்கிற குளிசையை மஃரிபுக்குப் பிறகு குடிக்கச் சொல்லி மாற்றித் தந்திருப்பாராம். ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டதற்கு இவ்வளவும். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த மனுஷன் என் கட்டில் ஓரத்தில் இருந்து பொறுமையாகச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. இந்தக் குளிசை கஞ்சா, சாராயம் மாதிரி வெறி பிடிக்கிற சாமான் இல்லை. ஆனால் மாதக்கணக்காகக் குடித்தால் உடம்பும் மூளையும் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தடுமாறும். சில நாளில் வருகிற கரண்ட் அடியும் தலைச்சுற்றும் எரிச்சலும் அழுகையும் அநேகமாக அந்தத் தடுமாற்றம். வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்லத் தலை நீட்டுவது பழைய நோயாக இருக்கலாம். "ரெண்டையும் நீங்களாப் பிரிச்சுப் பாக்க ஏலாது, எங்கிட்ட வாங்க" என்றார். விடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. விடலாம், ஆனால் நல்லாயிருக்கிற காலம் கொஞ்சம் நீண்டு, வாழ்க்கையில் பெரிய குலுக்கல் இல்லாத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட வேண்டும். ஒரு படி குறைத்தால் சில வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கடைசிப் படிகள்தான் கஷ்டம், அங்கே இன்னும் சின்னதாகக் குறைக்க வேண்டும். பாரம் ஏற்றிய லொறியைப் பள்ளத்தில் இறக்குகிறவன் கியரில்தான் இறக்குவான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

நீ என்ன செய்தாய்? நிக்காஹுக்கு மூன்று வாரம் இருக்க, மண்டபமும் உடுப்பும் விருந்தாளிப் பட்டியலும் தலைக்கு மேல் ஆடுகிற நேரத்தில், யாரிடமும் கேட்காமல், ஒரேயடியாக. வாழ்நாளில் இதைவிடப் பெரிய குலுக்கல் உனக்கு எப்போது வரப்போகிறது? படித்த பிள்ளை நீ! தலைவலிக்குப் பெனடோல் குடிப்பதற்குக்கூட அட்டையை இரண்டு பக்கமும் திருப்பி வாசிக்கிறவன். உம்மாவுக்கு ஒரு இருமல் மருந்து கொடுக்க மூன்று பேரிடம் போன் எடுத்துக் கேட்கிறவன். அந்தப் பழக்கம் உனக்கு எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், பஸ்ஸுக்குள் திடீரென்று நெஞ்சு அடைத்து, கண்டி வீதியில் நடுவழியில் இறங்கி நின்றாய் என்று உன் கூட்டாளி வந்து சொன்ன அன்றைக்கு, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் என் கண்ணுக்குள் வந்தது. அதனால்தான் உனக்கு இது வந்தது என்று நான் சொல்லவில்லை, இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் தேடாதீர்கள் என்று டொக்டர் எனக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் வாப்பாவைக் கொல்லப் பார்த்தவன் என்ற பாரத்தைப் பன்னிரண்டு வருடம் உன்னைச் சுமக்க விட்டவன் நான். அது உன் பிழை இல்லை. நீ கொடுத்தது வாப்பா மேல் இருந்த பாசத்தில். நான் குடித்தது தெரிந்துகொண்டே. இதைச் சொல்லப் பன்னிரண்டு வருடம் எடுத்ததற்கு நீ என்னை என்ன ஏசினாலும் தகும்.

நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் கேள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு டொக்டர் சொன்னபடி மறுபடி தொடங்கினேன். இரண்டு வருடம் கழித்து, அவர் சொல்லச் சொல்லக் குறைத்தேன். ஒரு வருடத்துக்கும் மேலே எடுத்தது. குறைக்கிற ஒவ்வொரு தடவையும் உம்மா சுவர்க் கலண்டரில் அன்றன்றைக்கு என் தூக்கம், கோபம், சாப்பாடு என்று சின்னச் சின்னதாகக் குறித்து வைப்பாள். "இண்டைக்கு மூணு தரம் ஏசினீங்க" என்று எழுதியிருப்பாள், எனக்குக் கடுப்பு ஏறும், ஆனால் டொக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். பாதிக்கும் கீழே வந்த பிறகு பழைய படபடப்பு தலை நீட்டியது. டொக்டர், "இந்த அளவிலேயே நில்லுங்க, அவசரமில்ல" என்றார். அங்கேயே நிற்கிறேன். தோற்றுப் போனேன் என்று முதலில் பொருமினேன், இப்போது இல்லை. அந்தச் சின்னக் குளிசையோடு உன் இரண்டு தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்தேன், கடையை நடத்தினேன், அஸருக்குப் பிறகு வயல் வரம்பில் நடக்கிறேன், தேத்தண்ணியை இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொண்டேன், மனசு கனத்தால் உம்மாவிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். நீ முழுதாக விட்டாலும் விடுவாய், உன் உடம்பு வேறு. ஆனால் அது டொக்டரும் நீயும் சேர்ந்து பார்க்க வேண்டியது, மாப்பிள்ளை உடுப்புத் தைக்கிற நாளைப் பார்த்து முடிவுகட்டுகிற விஷயம் இல்லை.

இப்போது வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் வாயால் நீ கேட்கக்கூடாது. கல்யாணச் சாப்பாட்டு விஷயம் பேச உம்மாவும் நானும் மாத்தளைக்கு, பெண் வீட்டுக்குப் போனோம். பகல் சாப்பாட்டுக்கு விடமாட்டேன் என்றார்கள். எல்லாருக்கும் ஆட்டிறைச்சி வந்தது. எனக்கு முன்னால் மூடி போட்ட ஒரு தனிக் கோப்பை. "சம்பந்திக்குப் பிரஷர்தானே, மகன் சொல்லியிருந்தாரு, உப்புப் போடாம வேறயா ஆக்கினோம்" என்றார் உன் வருங்கால மாமனார், முகமெல்லாம் சிரிப்பாக. மூடியைத் திறந்தேன். வெளிறிப்போன பூசணிக்காய். உள்ளுக்குள் ஏதோ அறுந்தது, மகன். இந்த வீட்டுக்கும் அதே பொய் எனக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. இதன் மேலே நீ போய் இன்னொன்றை அடுக்கப் போகிறாய்.

"எனக்குப் பிரஷர் இல்ல சம்பந்தி. மனச்சோர்வுக்குக் குளிசை குடிக்கிறேன், பதிமூணு வருஷமா. வெக்கத்துல பொய் சொல்லிட்டேன்" என்றேன். உம்மா என் காலை மிதிக்கவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியின் கை சோற்றோடு நின்றது. சம்பந்திமாமி நிலத்தைப் பார்த்தார். உன் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு வியர்த்தது, அதை மறைக்க மாட்டேன். அப்போது உள்ளேயிருந்து நீ கட்டப்போகிற பிள்ளை வந்தாள். அந்தப் பூசணிக்காய்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து இறைச்சிச் சட்டியை என் பக்கமாக வைத்துவிட்டு, "போட்டுக்கொங்க மாமா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய வாப்பாவும் சாப்பிடத் தொடங்கினார். விடைபெறும்போது அவர் என் கையைக் கொஞ்சம் சுருக்கமாகத்தான் பிடித்தார், பொய் சொல்வானேன். அவர் யோசிப்பார், யோசிக்கட்டும்.

படலையில் அந்தப் பிள்ளை எங்களுக்குப் பின்னால் வந்து, "மாமா, அந்தக் குளிசைய ஒரேயடியா விட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். தலை சுற்றும், ஒன்றுமில்லாததுக்கெல்லாம் கோபம் வரும், அழுகை வரும் என்றேன். அவள் முகம் மாறியது. "இந்தக் கிழமையெல்லாம் அவர் போன்ல என்னோட..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "அத அவன்கிட்டக் கேளுங்க மகள்" என்று மட்டும் சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு எழுத்துச் சொல்லவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது, நிக்காஹுக்கு முதல் வர வேண்டியது. கேட்டுவிட்டு அவர்கள் வேண்டாம் என்றால்? வலிக்கும். ஆனால் ஒளித்து வைத்து வாழ்வது எப்படி வலிக்கும் என்று பதின்மூன்று வருடம் பார்த்தவன் சொல்கிறேன், அதைவிட இது மேல்.

உனக்குச் சம்மதமென்றால் பின்னொரு நாள் இந்தக் கடிதத்தை உன் பேரும் என் பேரும் இல்லாமல் பத்திரிகைக்கும் கொடுப்பேன். கலேவெலவிலிருந்து தம்புள்ளை வரைக்கும் எத்தனை வீட்டுத் தையல் டப்பாவுக்குள் எத்தனை பிரஷர், எத்தனை கேஸ்ட்ரிக் கிடக்கிறதோ. ஆனால் அது பிறகு. முதலில் நீ.

செவ்வாய்க்கிழமை மாத்தளையில் கிளினிக். அதுவரை பழைய குளிசையை நீயாக எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதே, பதினைந்து நாளுக்கும் மேலே விட்ட பிறகு எவ்வளவில் தொடங்குவது, தொடங்குவதா என்பதெல்லாம் டொக்டர் சொல்லட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் குடி என்று போனில் எவனாவது சொல்வதையும் கேட்காதே. இருந்து என்ன பிரயோசனம் என்கிற நினைப்பு ஒரு கணம் வந்தால்கூடச் செவ்வாய் வரை பார்த்துக்கொண்டிருக்காதே. பகலோ இரவோ பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போ, என்னைக் கூப்பிடு. எனக்கும் அந்த நினைப்பு வந்தது, அந்தப் பத்து நோன்புக்குள். அன்றைக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை.

காலை ஆறரைக்கு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். டொக்டர் மருந்து எழுதித் தருகிற என்னுடைய கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன், பைக்குள் அல்ல. தெரிந்தவர்கள் வந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் மனநல கிளினிக்குக்கு என்று சொல்வேன். நீ உன் கொப்பியைக் கொண்டு வா. வரிசையில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருப்போம். உள்ளே போனதும் டொக்டர், "குளிசையை விடச் சொன்னது யார்?" என்று கேட்பார். நீ வழக்கம்போல, "நான்தான்" என்று வாயைத் திறப்பாய். திறக்காதே. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு நான் சொல்லாமல் விட்ட பதில் அது. இந்தத் தடவை நான் சொல்கிறேன்.

வாப்பா